மறைந்து செய்த தொண்டு

நுழையும்முன்

போர்க்களத்தில் வாளேந்தி நின்று வீழ்ந்தவருக்கு நடுகல் உண்டு; பாடலும் உண்டு. பகைவரிடையே வேற்றுருவில் வாழ்ந்து செய்தி கொணர்ந்தவருக்கு அவ்விரண்டும் வாய்ப்பதில்லை. தம் பெயரை மறைப்பதே அவர்தம் பணியின் முதல் நெறி. இரங்கூனில் பிறந்து, இந்தியத் தேசிய இராணுவத்தின் உளவுப்பணியில் இளமையிலேயே ஈடுபட்டு, சென்னையில் மறைந்த சரஸ்வதி இராஜாமணியின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது. மறைவில் வாழ்ந்தவர் வரலாற்றை எவ்வாறு அறிவது என்னும் வினாவையும் அது நம்முன் வைக்கிறது.

வள்ளுவர் வகுத்த நெறி

ஒற்றரின் பணியைத் தமிழர் பண்டே நுணுகி ஆராய்ந்துள்ளனர். திருக்குறளின் பொருட்பாலில் 59ஆம் அதிகாரமாக அமைந்துள்ள ஒற்றாடல், ஒற்றர்க்கும் அவரை ஆள்வோர்க்கும் உரிய இலக்கணத்தை வகுத்துரைக்கிறது. ஐயுறாத வேடம் பூணுதல், கண்டு அஞ்சாமை, எந்நிலையிலும் உள்ளத்ததை வெளியிடாமை ஆகியன ஒற்றரின் தகுதிகள்.

அவ்வதிகாரத்தின் இறுதியில் அமைந்த இரு கருத்துகள் நம் பாடத்திற்கு அடிப்படையாவன. ஒருவரை ஒருவர் அறியாதவாறு மூவரை ஆளவேண்டும். அம்மூவர் சொல்லும் ஒத்திருந்தால் அதனை உண்மையெனத் தெளியலாம் என்பது ஒன்று. ஒற்றருக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்தலாகாது. செய்தால் மறைபொருளை அரசனே வெளிப்படுத்தியவன் ஆவான் என்பது மற்றொன்று.

ஒற்றர் என்னும் ஐயமே உயிருக்கு ஊறு விளைவித்த காலம் அது. உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றர் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் பாடிக் காத்ததைப் புறநானூறு கூறுகிறது. ஐயத்திற்கே அத்தண்டனை எனின், உண்மையில் அப்பணியை மேற்கொண்டோரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இரங்கூன் இளமை

சரஸ்வதி இராஜாமணி 1927ஆம் ஆண்டு இரங்கூனில் பிறந்தார். வளம் மிக்க குடும்பம். நாட்டு விடுதலையில் நாட்டம் கொண்ட குடும்பமும் ஆகும். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தற்காலிகச் சுதந்திர இந்திய அரசை நிறுவினார். மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் உருவான ஜான்சிராணி படையில், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப்பெண்கள் பலர் சேர்ந்தனர்.

அந்நாளில் இராஜாமணிக்கு அகவை பதினாறு. நேதாஜியின் உரையைக் கேட்டு, அணிந்திருந்த பொன்னும் மணியும் அனைத்தையும் விடுதலை நிதிக்கு அளித்துவிட்டதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அறியாப் பருவத்தில் அளித்தது எனக் கருதிய நேதாஜி, நகைகளைத் திருப்பித் தர இல்லம் தேடி வந்தார். இராஜாமணி ஏற்க மறுத்தார். அவ்வுறுதியைக் கண்ட நேதாஜியே ‘சரஸ்வதி’ என்னும் பெயரைச் சூட்டியதாகவும், தம்மைப் படையில் சேர்த்துக்கொண்டதாகவும் அவர் கூறியுள்ளார்.

மணி என்னும் சிறுவன்

உளவுப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இராஜாமணி, தலைமுடியைக் குறைத்து, ஆடை மாற்றி, ‘மணி’ என்னும் சிறுவனானார். ஆங்கில அலுவலரின் இல்லங்களிலும் முகாம்களிலும் எடுபிடி வேலை செய்தவாறே, அவர்கள் பேசுவதைச் செவிமடுத்துப் படைக்குத் தெரிவிப்பது அவர்தம் பணி. ஏவல் செய்யும் சிறுவனை எவரும் பொருட்படுத்துவதில்லை. அப்புறக்கணிப்பே அவருக்குக் கவசமாயிற்று.

பகைவரிடம் சிக்க நேர்ந்தால் உயிரோடு பிடிபடலாகாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஆயினும், உடன் பணியாற்றிய துர்கா என்னும் தோழி பிடிபட்டபோது, இராஜாமணி அவரைக் கைவிட்டு நீங்கவில்லை. வேடமிட்டுச் சென்று, காவலரை மயங்கச் செய்து, தோழியை மீட்டார். தப்பியோடுகையில் காலில் குண்டு பாய்ந்தது. குருதி ஒழுக மரத்தின்மேல் ஏறி மறைந்திருந்து, தேடுவோர் அகன்றபின் இருவரும் முகாமை அடைந்தனர். அக்காயம் தந்த நடைத்தளர்ச்சி வாழ்நாள் முழுதும் தம்மோடு இருந்தது எனச் சொல்லும்போதெல்லாம், அதனை அவர் பெருமையாகவே கருதினார்.

சிக்கியவரும் சிக்காதவரும்

மேற்கூறிய நிகழ்ச்சிகளை நாம் எவ்வாறு அறிகிறோம்? பெரும்பாலும் இராஜாமணியின் வாய்மொழி வாயிலாகவே அறிகிறோம். இதன் காரணத்தை உணர, சென்னையோடு தொடர்புடைய மற்றொரு வரலாற்றை நோக்குவோம்.

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பம் போன்ற ஊர்களின் மாணவர்கள், மத்தியச் சிறை என்றவுடன் புழலில் உள்ளதையே நினைப்பர். 2006ஆம் ஆண்டுவரை அச்சிறை, சென்னை சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்தின் அருகில் இருந்தது. அப்பழைய சிறையில் 1943 செப்டம்பர் 10ஆம் நாள், வக்கம் அப்துல் காதர் தோழர்களுடன் தூக்கிலிடப்பட்டார். திருவிதாங்கூரைச் சேர்ந்த அவ்விளைஞர் மலாயா சென்று, பினாங்கில் மறைமுகப் பணிக்குப் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் மலபாரின் தானூர்க் கரையை அடைந்தவர். கரையேறிய சிறிது காலத்தில் பிடிபட்டார். குற்றச்சாட்டு, சாட்சியம், தீர்ப்பு என அவரைப்பற்றிய எழுத்துச் சான்றுகளை அவரைத் தண்டித்த அரசே உருவாக்கிவிட்டது.

1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஷா நவாஸ்கான், பிரேம் சாகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகிய படைத்தலைவர்களின் நிலையும் இத்தகையதே. சிக்கியவருக்கு நீதிமன்ற ஆவணம் உண்டு. சிக்காத ஒற்றருக்கோ பகைவரின் ஏட்டிலும் இடமில்லை. தோற்றுக் கலைந்த படையின் ஏட்டிலும் இடமில்லை. பணியைத் திறம்படச் செய்ததாலேயே சான்று இல்லாது போகும் விந்தை ஒற்றர் வாழ்வுக்கே உரியது.

மூவர் சொல்

சான்று குறைந்த இடத்தில் நாம் செய்யத்தக்கது யாது? ஒற்றரை ஆள்வோர்க்கு வள்ளுவர் கூறிய நெறியே வரலாறு பயில்வோர்க்கும் பொருந்தும். எழுதப்பட்ட ஆவணம், உடனிருந்தோர் கூற்று, தாமே சொன்ன சொல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுக் காணவேண்டும்.

திப்பு சுல்தானின் வழித்தோன்றலான நூர் இனாயத்கான் வரலாற்றில் இவ்வொப்பீடு எளிது. அவர் 1943 ஜூனில் பிரிட்டன் அரசால் பிரான்சு நாட்டிற்கு அனுப்பப்பட்டு, பாரிசில் மறைந்திருந்து கம்பியில்லாக் கருவி வழியாகச் செய்தி அனுப்பினார். 1944 செப்டம்பரில் டாக்கோ முகாமில் கொல்லப்பட்டார். அரசு ஆவணங்களும், உடனிருந்தோரின் கூற்றுகளும், போருக்குப்பின் செருமானிய அலுவலர் அளித்த வாக்குமூலங்களும் அவர் வரலாற்றைத் துலக்கின. 1949இல் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

இராஜாமணியின் வாழ்வில் சில செய்திகளுக்கு அத்தகைய துணை உண்டு. இரங்கூனிலும் மலாயாவிலும் பெண்கள் தம் நகைகளை விடுதலை நிதிக்கு வழங்கியதையும், பெண்கள் படையில் சேர்ந்ததையும் பலர் பதிவுசெய்துள்ளனர். துர்காவை மீட்ட நிகழ்ச்சி போன்றவற்றுக்கு இராஜாமணியின் சொல்லே சான்று. ஒருவர் சொல் மட்டுமே சான்று என்பதால் அது பொய்யாகிவிடாது. பலரும் போற்றுவதால் மட்டுமே மெய்யாகிவிடவும் செய்யாது. யாருடைய சொல் என்பதைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மிகைபடப் புகழ்வது, உண்மையாகத் தொண்டு செய்தவருக்கு நாம் இழைக்கும் தீங்காகும். ஒரு மிகை வெளிப்பட்டால் மெய்யும் ஐயத்திற்கு உள்ளாகும்.

இறுதிக்காலம்

போருக்குப்பின் இந்தியா வந்த இராஜாமணி, இளமையில் கண்ட வளத்தை மீண்டும் காணவில்லை. சென்னையில் நெடுங்காலம் வறுமையில் வாழ்ந்தார். 2005ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அவருக்கு நிதியும் இராயப்பேட்டையில் குடியிருப்பும் வழங்கியது. சிறிய அவ்வில்லத்தில் நேதாஜியின் படங்களே நிறைந்திருந்தன. முதுமையிலும் தையற்கடைகளில் எஞ்சிய துணிகளைப் பெற்று ஆடைகள் தைத்து ஆதரவற்றோர்க்கு வழங்கினார். ஆழிப்பேரலை நிவாரணத்திற்குத் தம் ஓய்வூதியத்தையும் அளித்தார். பதினாறு அகவையில் நகைகளைக் கொடுத்த கை, எண்பதை அணுகியபோதும் கொடுத்தவாறே இருந்தது. 2018 ஜனவரி 13ஆம் நாள் அவர் மறைந்தார்.

பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது என்னும் நெறி, ஒற்றர் பணியிலிருக்கும் காலத்திற்குரியது. பணி முடிந்து, நாடும் விடுதலை பெற்றபின் அக்காப்பு தேவையற்றதாகிறது. அவர்கள் உயிருடன் இருக்கும்போதே தேடிச்சென்று, கேட்டு, எழுதி, ஒப்பிட்டு வைப்பது அடுத்த தலைமுறையின் கடன். அக்கடனில் நாம் காலந்தாழ்த்தியதால், பலருடைய முதற்சொல்லே நம்மை எட்டாமல் போயிற்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வாழும் முதியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் நேரில் கண்ட பொதுநிகழ்ச்சி ஒன்றைக் கேட்டு எழுதுக. அதே நிகழ்ச்சியைப்பற்றி வேறு இருவரிடம் தனித்தனியே கேட்டு, ஒத்தனவற்றையும் வேறுபட்டனவற்றையும் பட்டியலிடுக.

2. ஒற்றாடல் அதிகாரத்தைப் பயின்று, அதில் கூறப்படும் ஒற்றர் பண்புகளுள் இராஜாமணியிடம் காணப்படுவனவற்றை வகுப்பில் கலந்துரையாடுக.

சிந்தனை வினாக்கள்

1. ‘சிக்காத ஒற்றருக்குச் சான்று இல்லை’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

2. பிடிபட்ட தோழியை மீட்கச் சென்ற இராஜாமணியின் செயல் கட்டளை மீறலா, கடமையா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.