விண்மீன் பயணத்தில் நேரக்கூடிய இடர்கள்



கதிரவனை அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. அதன் ஒளி நம்மை வந்தடைய 4.2 ஆண்டுகள் ஆகின்றன. 1977-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் அத்தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே, மனிதன் விண்மீனை நாடிச் சென்றது இன்றுவரை கதைகளில் மட்டுமே. எனினும், நல்ல அறிவியல் கதாசிரியர்கள் உண்மையிலேயே நேரக்கூடிய இடர்களை எண்ணிப் பார்த்தே எழுதியுள்ளனர். அவற்றுள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, மோதல். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் செல்லும் கலத்தின்மீது ஒரு கிராம் எடையுள்ள சிறு கல் மோதினால், ஏறத்தாழ 100 டன் வெடிமருந்து வெடித்தாற்போன்ற ஆற்றல் வெளிப்படும். போல் ஆண்டர்சன் 1970-இல் வெளியிட்ட ‘டாவ் சீரோ’ என்னும் புதினத்தில், தூசும் வாயுவும் நிறைந்த முகிலுள் புகும் கலத்தின் வேகந்தணிக்கும் பொறி பழுதடைகிறது. நிற்க இயலாத அக்கலம் மேலும் மேலும் விரைந்துகொண்டே செல்கிறது.

இரண்டாவது, பற்றாக்குறை. கலத்தினுள் காற்று, நீர், உரம் யாவும் மீண்டும் மீண்டும் பயன்பட வேண்டும். 1991-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ‘பயோஸ்பியர் 2’ என்னும் மூடிய கண்ணாடிக் கூடத்தில் எண்மர் ஈராண்டுகள் வாழப் புகுந்தனர். பதினாறே திங்களில் காற்றிலிருந்த உயிர்வளி 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 14 விழுக்காடாகக் குறைந்தது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை உட்கொண்டு கரியமில வாயுவை வெளியிட்டன. அவ்வாயுவைக் கட்டடத்தின் சிமெண்டுச் சுவர்கள் ஈர்த்துக்கொண்டன. ஆதலால், செடிகளால் உயிர்வளியைத் திருப்பித் தர இயலவில்லை. இறுதியில் வெளியிலிருந்து உயிர்வளி செலுத்தப்பட்டது. விண்வெளியில் அவ்வாறு செலுத்துவார் யார்? கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘அரோரா’ (2015) புதினத்திலோ பயிருக்கு வேண்டிய பாசுவரச் சத்து சிறிது சிறிதாகக் குறைகிறது. செம்பனைக்கு உரமிடும் பெற்றோர் அதன் அருமையை நன்கறிவர். சிறு துளி பெருவெள்ளமாவதுபோல், சிறு இழப்பும் காலப்போக்கில் பேரிழப்பாகும்.

மூன்றாவது, மறதி. இராபர்ட் ஹைன்லைன் 1941-இல் எழுதிய கதையொன்றில், பிராக்சிமா சென்டாரியை நோக்கிப் புறப்பட்ட கலத்தில் கலகம் மூள்கிறது. கலத்தைச் செலுத்தத் தெரிந்தோர் பலர் மடிகின்றனர். பல தலைமுறைகளுக்குப் பின் அங்குப் பிறந்தோர், தாம் இருப்பது கலம் என்பதையே அறியார். அதுவே முழு உலகம் என நம்புகின்றனர். பழைய அறிவியல் நூல்கள் அவர்களிடம் உள்ளன. அவற்றை மனப்பாடமும் செய்கின்றனர். ஆனால், ஈர்ப்பு விதியை மக்களிடையே தோன்றும் காதலைக் குறிக்கும் உருவகம் என்று பொருள் கொள்கின்றனர்!

இம்மூன்றனுள் கொடியது எது? மோதலின் ஓசை கேட்கும். உயிர்வளி குறைந்தால் மூச்சு வாங்கும். மறதிக்கோ எந்த அறிகுறியும் இல்லை. நூல்கள் இருந்தும், பொருளறிந்து கற்பிப்பாரும் ‘ஏன்?’ என வினவுவாரும் இல்லாமையால் அக்கலம் வழி தவறியது.

ஆகவே மாணவர்களே, வாய்பாட்டையும் விதியையும் ஒப்பித்தல் மட்டும் போதாது. பொருள் விளங்கும்வரை ஆசிரியரைக் கேளுங்கள். பெற்றோர்களே, உழைத்துக் களைத்து வீடு திரும்பிய மாலையிலும், பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்டால் சினவாதீர். விடை தெரியாவிடின், “நாளை ஆசிரியரைக் கேட்டு வந்து எனக்கும் சொல்” என்று அனுப்புங்கள்.