பிடித்ததைச் சொல்லுங்கள், பிடித்த இடத்தையும் சொல்லுங்கள்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செஸ் ஆடுகிறவர்களும் நாவல் படிக்கிறவர்களும் கலந்திருக்கிறோம். சென்னை, கோவில்பட்டி, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொரன்டோ என்று ஆளுக்கொரு ஊர். பெரும்பாலானவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சிலர் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்ன எழுதுவது, எப்படிப் பேசுவது என்று தயங்குவதாகக் கேள்விப்பட்டேன். மூத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. "செம", "வேற லெவல்" என்று எழுதுவதில் தப்பில்லை. அதோடு நின்றுவிடாதீர்கள். உங்களைப் பிடித்து நிறுத்திய இடம் எது என்று காட்டுங்கள்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனபோது எல்லாக் குழுக்களிலும் அவர் படம்தான் சுற்றியது. 18 வயதுப் பையன், நம்ம சென்னைப் பிள்ளை, பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி எங்களைத் தூங்கவிடாமல் பேச வைத்தது ஒரு தங்கை அனுப்பிய பலகைப் படம். அது 14-வது ஆட்டம். கறுப்புக் காய்களில் ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. இருந்தும் டிராவில்தான் முடியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். 55-வது நகர்த்தலில் எதிரே ஆடிய டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார். அவருடைய மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. யானைகள் போனபின் குகேஷ் தன் மந்திரியை டி5-இல் கொண்டுவந்து நிறுத்தினால் மூலையில் இருப்பதற்கு ஓட வழி கிடையாது. மந்திரிகளும் வெட்டுப்படும். அப்புறம் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான், அங்கே அந்தக் கூடுதல் சிப்பாய் ஆட்டத்தை முடித்துவிடும். 58-வது நகர்த்தலோடு முடிந்தும் போனது. அந்தத் தங்கை ஏ8 கட்டத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, "இந்த மந்திரி எங்கே போகும், சொல்லுங்க பாப்போம்" என்று மட்டும் எழுதியிருந்தாள். காய்களின் பெயர்கூடச் சரியாகத் தெரியாத நாவல்காரர்கள் எல்லாம் அன்று உட்கார்ந்து வழி தேடினார்கள். நீங்கள் பகிர வேண்டியது இப்படி.

2. ஒரு நேரத்தில் ஒன்று போதும். பத்துப் புத்தக அட்டைகளை வரிசையாகப் போட்டால் பத்துப் பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கிய வட்டத்தைப் பற்றித் தேடிப் படியுங்கள். சட்டம் படித்த மனிதர். கம்பன் பாட்டு ஒன்றைக் கையில் எடுத்தால் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் சுவை எதிரே இருப்பவருக்கும் எட்டிய பிறகுதான் விடுவார். வந்தவர்கள் எல்லாரும் புலவர்கள் இல்லை. ரசனைக்குப் படிப்பு ஒரு தடையே இல்லை என்று அவர் நம்பினார், நானும் அதைத்தான் நம்புகிறேன். 'கோபல்ல கிராமம்' படிக்கிறீர்களா? கதைச்சுருக்கம் வேண்டாம். காட்டுக்குத் தீ வைத்து நிலமாக்குகிறார்களே, அந்த இடத்தை மட்டும் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

3. முடிச்சை அவிழ்த்துவிடாதீர்கள். 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950-இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த கதை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பீர்கள். 2022-இல் படத்தின் முதல் பாகம் வந்த பிறகு முதன்முறையாகப் புத்தகத்தைத் திறந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். ஆதித்த கரிகாலன் விஷயத்தை அவர்கள் தாமாகத்தான் போய்ச் சேர வேண்டும். பேசியே தீர வேண்டுமென்றால் எந்தப் பாகம், எந்த அத்தியாயம் என்று முதல் வரியில் போட்டுவிட்டு, நாலைந்து வரி இடம் விட்டு எழுதுங்கள். டெலிகிராமிலும் டிஸ்கார்டிலும் எழுத்தை மறைத்து அனுப்பும் வசதியே இருக்கிறது.

வேர்டில் என்ற சொல் விளையாட்டு ஊரெல்லாம் பரவியதற்கு, ஆடி முடித்தவர்கள் பகிரும் அந்தப் பச்சை, மஞ்சள் கட்டங்கள் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஆறு வாய்ப்பில் நீங்கள் எங்கே திணறினீர்கள், எங்கே பிடித்தீர்கள் என்று எல்லாம் தெரியும், விடை மட்டும் தெரியாது. பார்த்தவனுக்கு உடனே தானும் ஆட வேண்டும் என்று கை அரிக்கும்.

4. இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். அடுத்தவர் சந்தோஷத்தோடு ஒன்றைக் கொண்டுவரும்போது அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். "இதெல்லாம் ஒரு புத்தகமா, தி. ஜானகிராமனைப் படிச்சிருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டால் போதும், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது. நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ரமணிசந்திரன் நாவல் ஒன்றைப் பற்றி ஆசையாக எழுதினார். உடனே இலக்கியத் தரம் பற்றி நீளமாக ஒரு பாடம் வந்தது. அவர் குழுவிலிருந்து போகவில்லை, ஆனால் வெகுகாலம் ஒரு வரி எழுதவில்லை. கடைசியில் இன்னொரு அக்காதான், "அந்த நாவலை நானும் படிச்சேன்மா, அம்மாவும் பொண்ணும் சமையல்கட்டுல பேசிக்கிற இடம் உனக்குப் பிடிச்சுதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மறுபடி பேசுகிறார்.

கேள்வி கேளுங்கள். "எந்த இடம் பிடிச்சுது?", "எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்?" இந்த இரண்டும் எந்தப் புத்தகத்துக்கும் எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். உங்களுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். அதைச் சொல்ல வேறொரு நாள் இருக்கிறது.

5. சேர்ந்து ஆடுங்கள். ஊர் ஊராகப் பிரிந்திருப்பவர்களுக்கு மூன்று நிமிட ஆட்டம் தோதுப்படாது. டொரன்டோ அண்ணன் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இங்கே சாயங்காலம் ஆகிவிடும். லிசெஸ் இலவசம், விளம்பரமும் கிடையாது. அதில் ஒரு நகர்த்தலுக்கு 1 நாள் முதல் 14 நாள்வரை அவகாசம் வைத்து ஆடலாம். அஞ்சலட்டையில் நகர்த்தலை எழுதிப் போட்டு ஆடிய தலைமுறையின் பொறுமை அதில் மிச்சமிருக்கிறது. கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடக் கூடாது, அது நட்பையே கெடுக்கும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து திரும்பப் பாருங்கள். கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், "இங்கே நீ என்ன நினைச்ச?" என்று கேளுங்கள். தோற்றவர் முதலில் பேசட்டும்.

6. விற்பனையில் இருக்கும் புத்தகத்தைத் திருட்டு பிடிஎஃப்பாக அனுப்பாதீர்கள். தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைப்பதே கொஞ்சம். நாட்டுடைமையான நூல்கள் ஏராளம் இருக்கின்றன. மதுரைத் திட்டம் 1998-இலிருந்து தன்னார்வலர்கள் கையால் வளர்ந்துவரும் இலவசக் களஞ்சியம். அந்தச் சுட்டிகளை எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

7. அன்றாடத்தையும் எழுதுங்கள். "இது செஸ்ஸுக்கும் புத்தகத்துக்குமான குழு, இதில் ரசம் பொங்கிப்போனதை எழுதலாமா" என்று ஒரு தம்பி கேட்டான். தாராளமாக எழுதலாம். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இடைசெவலில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அழகிரிசாமி சென்னைக்கும், அப்புறம் மலாயாவுக்கும் போன பிறகு கடிதத்தில்தான் நட்பு ஓடியது. அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. இலக்கியமும் சங்கீதமும் வீட்டு விஷயமும் அதில் கலந்தே கிடக்கும். அப்படிக் கலந்து பேசினால்தான் உறவு நிலைக்கும். மொட்டைமாடியில் காய வைத்த வடகம், வாசலில் முதன்முதலாகப் போட்ட சிக்குக் கோலம், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் படித்துக்கொண்டிருந்த புத்தகம், எதுவானாலும் உங்கள் கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும். எங்கிருந்தோ வந்த 'காலை வணக்கம்' படம் மட்டும் வேண்டாம்.

8. குழந்தைகளின் பள்ளிச் சீருடை, வீட்டு எண், பயணச்சீட்டு, நீங்கள் ஊரில் இல்லாத தேதி இவை தெரியும்படி படம் போடாதீர்கள். அடுத்தவர் சொன்னதை அவரைக் கேட்காமல் வேறு குழுவுக்குக் கொண்டுபோகவும் கூடாது.

9. யாராவது சில நாளாகப் பேசவில்லை என்றால் குழுவில் எல்லார் முன்னாலும் "ஆளையே காணோமே" என்று கேட்காதீர்கள். பரீட்சையாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம், சும்மா பேசப் பிடிக்காமலும் இருக்கலாம். தனியாக இரண்டு வரி அனுப்புங்கள். பதில் கேட்டு எழுதாமல், அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிற ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், அல்லது ஒரு ஆட்டப் புதிரை அனுப்புங்கள். நேரம் கிடைக்கும்போது பார்க்கட்டும். அவர் திரும்பி வரும் அன்று எங்கே போனீர்கள் என்று விசாரிக்காமல், இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறோம், எந்த அத்தியாயத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.