தேன்சிட்டை வேலைக்கு வைக்காதே

சேலையூர்,
ஐப்பசி, ஞாயிறு மாலை

கண்ணம்மா,

உன் நீளமான மெயில் வந்தது. மாமியார் ஊருக்குப் போனது, குழந்தைக்குச் சளி, முடிச்சூரில் தோட்டத்தோடு வாடகை வீடு அமைந்தது எல்லாம் தெரிந்துகொண்டேன். ஆனால் விஷயம் கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது. கொல்லையில் ஒரு மாமரம், ஒரு முருங்கை. காலையில் காபி டம்ளரோடு அங்கே போய் நின்றால் ஒன்பது மணியாகிவிடுகிறது. உன் இணையத் தொடருக்குத் தினமும் போட வேண்டிய அத்தியாயம், அதான் அந்த யூடி, ராத்திரி பதினோரு மணிக்குப் போகிறது, வாசகிகள் "அக்கா, எங்கே போனீங்க?" என்று பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் ஒன்று, அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடப் போகிறாயாம். இல்லாவிட்டால் அடுத்த தொடரின் ஹீரோவைப் பறவைகளைப் படமெடுக்கிறவனாக்கி, பார்த்த குருவியையெல்லாம் அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சேர்த்துவிடப் போகிறாயாம். "அப்படிச் செஞ்சா பார்க்கிற நேரமும் வீணாகாது பெரியம்மா" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

இரண்டும் வேண்டாம். இரண்டாவது வேண்டவே வேண்டாம்.

நேரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். பறவைகள் வெளிச்சம் வந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரை பரபரப்பாக இருக்கும். அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல்தான். நடுப்பகலில் அவையும் நிழல் பார்த்து அடங்கிவிடும். கோடையில் குக்குறுவான் மட்டும் பாத்திரக்கடைக்காரர் தட்டுவது போல 'டொக் டொக்' என்று விடாமல் கூவும், அதைக் கேட்டுக்கொண்டே எழுதலாம். நம் வீடுகளிலும் சமையல் முடிந்து, ஸ்கூல் வேன் திரும்பாமல் இருக்கிற நேரம் அதுதான். நான் மாத நாவல் எழுதியதெல்லாம் அந்த நேரத்தில். மாத நாவலுக்குப் பக்கக் கணக்கு கறார். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சாகும். கொஞ்சம் மிஞ்சினால் வெட்டுவார்கள். குறைந்தால் "அம்மா, ஹீரோயினை இன்னொரு தடவை அழவிடுங்க" என்று போன் வரும். மத்தியானம் உட்கார்ந்துதான் அந்தக் கணக்கை நேர் செய்வேன்.

காலையில் ஏழரை வரை மரத்தடி. அப்புறம் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே வா. மேசையை ஜன்னல் பார்க்கப் போடாதே, சுவர் பார்க்கப் போடு. ஜன்னல் திறந்தே இருக்கட்டும், காதுக்கு அது போதும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரேயடியாக இரைச்சல் போட்டால் பூனையோ பாம்போ வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது எழுந்து போகலாம், மற்றபடி உட்கார். எழுதுவதற்கு எல்லாம் கூடிவரட்டும் என்று காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு முதலில் எழுதவே வராது. 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அவர்தான் 1925-இல் 'ஜகன்மோகினி'யைக் கையிலெடுத்துப் பல்லாண்டுகள் நடத்தி, 115 நாவல் எழுதினார்.

இனி உன் ஹீரோ விஷயம்.

நம் தொழிலில் கைக்குக் கிடைப்பதெல்லாம் கதைக்குப் போய்விடும். கல்யாண வீட்டில் ஒரு புடவைக் கலர் பார்த்தால் அது நிச்சயதார்த்த அத்தியாயம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தால் மனசுக்குள் நாயகியின் அப்பாவுக்கு மாரடைப்பு. வீட்டுக்காரர் கோபமாக ஒரு வார்த்தை சொன்னால், வலிப்பதற்கு முன்னால் "இந்த வசனம் நன்றாக இருக்கிறதே" என்று ஒரு மூலை குறித்துக்கொள்கிறது. சிரிக்காதே, உனக்கும் ஆரம்பித்துவிட்டது. போன தொடரில் வந்த அந்த அத்தை உன் நாத்தனார்தானே? இந்தப் பழக்கம் இல்லாமல் காதல் கதை தினமும் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நுழையாத இடம் ஒன்றாவது நாளில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் யூடியாக மாற்றிவிட்டால் முப்பதாவது, நாற்பதாவது கதையில் கை வறண்டுவிடும். அப்போது பழைய அத்தியாயத்தையே பெயர் மாற்றி எழுதுவோம். வாசகிகள் சொல்லமாட்டார்கள், மெல்ல விலகிவிடுவார்கள். ரமணிசந்திரன் நூற்றைம்பது நாவலைத் தாண்டினாரே, ஒரே வகைக் கதையில், சுபமாகவே முடித்துக்கொண்டு! எண்ணிக்கையை விட்டுவிடு, அத்தனை காலம் அந்த மனசின் ஈரம் காயாமல் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பார்.

இன்னொன்றும் இருக்கிறது. கதைக்கு வேண்டும் என்று பார்த்தால் பறவை தப்பாகத் தெரியும். எங்கள் வீட்டுக் கொடிக்கம்பியின் ஓரத்தில் போன தையில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு கூடு கட்டியது. முதலில் ஒட்டடை என்றுதான் நினைப்பாய். சிலந்தி நூல், காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டைச் சில்லு, புழுவின் எச்சம் எல்லாம் ஒட்டித் தொங்குகிற ஒரு குப்பைப் பை, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம். நார் நாராகக் கொண்டுவந்து பின்னியது பெண். உள்ளே புகுந்து நெஞ்சால் அழுத்தி அழுத்தி, சுற்றித் திரும்பி அறையை உருண்டையாக்கியதும் அவள்தான். அவன் மினுமினுக்கிற நெஞ்சோடு கூடவே பறந்துவந்து, கம்பியில் உட்கார்ந்து, கத்திவிட்டு, அவள் பின்னாலேயே போனான். நான் பார்த்தவரை ஒரு நார்கூட அவன் எடுத்துவரவில்லை. குஞ்சு பொரித்த பிறகு இரண்டும்தான் தீனி கொண்டுவந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் ஹீரோ கேமராவோடு வந்து நின்றிருந்தால் நீ என்ன எழுதியிருப்பாய்? ஆண் பறவை ஆசையாசையாக வீடு கட்டி அவளை அழைத்தது என்று எழுதியிருப்பாய்.

சரி, ஆண் கட்டுகிற கூடுதான் வேண்டுமென்றால் தூக்கணாங்குருவி இருக்கிறது. உங்கள் முடிச்சூர்ப் பக்கமே ஏரிக்கரைப் பனைகளில் தேடிப் பார். ஆண் பாதிக் கூடு பின்னிவிட்டு, தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து, இழுத்துப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் போய்விடும். பிடித்துவிட்டால் அவன் மீதியையும் நீளக் குழாயையும் முடித்துக் கொடுப்பான். ஆஹா, நாவல்தான் என்று பேனாவை எடுக்காதே. அவள் முட்டையிட்டதும் ஐயா அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடுவார், அது இன்னொருத்திக்கு! உன் வாசகிகள் உன்னைச் சும்மா விடுவார்களா? ஆக, கதைக்குச் சேர்த்தால் பாதியை மறைத்துத்தான் சேர்க்க வேண்டும். காலையில் நிம்மதியாகப் பார்த்த ஒன்றை மத்தியானம் உட்கார்ந்து பொய்யாக்குவானேன்?

ராஜம் கிருஷ்ணன் போய்ப் பார்த்துத்தானே எழுதினார் என்பாய். நம் தாம்பரத்திலேயே பல காலம் குடியிருந்தவர். 'கரிப்பு மணிகள்' எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார், 'அலைவாய்க் கரையில்' எழுதக் கடற்கரைக் குப்பங்களுக்குப் போனார். அது வேலை. எழுதப் போகிறோம் என்று தெரிந்தே, அந்த மனிதர்களிடம் சொல்லிவிட்டுப் போகிற பயணம். உனக்கும் அப்படி ஒரு நாவல் தோன்றினால் சொல், குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், போய்வா. முருங்கையடியில் காபி குடிப்பது அந்தக் கணக்கில் வராது.

பறவையைப் பற்றியே எழுத வேண்டும் போலிருந்தால் பறவையைப் பற்றியே எழுது. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் அப்படித்தான் எழுதினார். மயிலாப்பூரில் இருந்துகொண்டு 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் தொடங்கிய பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார். யானையும் காடும் மட்டுமல்ல, வீட்டைச் சுற்றித் திரிகிற காக்கையும் அணிலும் பல்லியும் அவருக்கு விஷயம். தமிழிலும் நிறைய எழுதினார், தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னிடம் இருக்கிறது, எடுத்துப் போ. கதை எழுத ஆசை வந்தபோது தனியாக ஒரு கதை எழுதினார், 'கதிரேசன் செட்டியாரின் காதல்'. பெயரைப் பார்த்து நம் வகை என்று ஆசையாக எடுத்தேன். உள்ளே துப்பறியும் கதை! நாம் இப்படித் தலைப்பு வைத்தால் அடி விழும்.

பார்த்ததை எதற்காவது பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால் அதற்கும் வழி உண்டு. பொங்கல் நாலு நாளும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் நின்று, பார்த்ததை எண்ணி, இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி 1960-களிலேயே தாம்பரம் வட்டாரப் பறவைகளைக் கணக்கெடுத்தார். கோலத்தையும் சிந்துவெளி எழுத்தையும் ஆராய்ந்த அதே மனிதர்தான். உன் கொல்லையின் பட்டியல் அந்த வரிசையில் ஒரு வரியாகப் போய்ச் சேரட்டும். கதையிலோ வீடியோவிலோ வேண்டாம். குறிப்பாகக் கூட்டைப் படமெடுக்காதே. தெளிவாகத் தெரிய வேண்டுமென்று நாலு இலையை ஒதுக்குவோம், அடுத்த நாள் காக்கையோ வால்காக்கையோ வந்து காலி செய்துவிடும்.

போன வாரம் இங்கே ஆறுமணிக்குருவி வந்தது. வருஷாவருஷம் இந்த மாதத்தில் வடக்கேயிருந்து ராத்திரிப் பயணமாக வந்து சேரும். கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் இங்கே வந்தபோது கிடைத்த புதர்க்காடு இன்றும் இருப்பதால் நம் பக்கம் அதற்கு ஒரு புகலிடம். ஆனால் அலுத்துப்போய் வருகிறவை சில, வீட்டுக் கண்ணாடியில் மோதி விழும். இதுவும் அப்படித்தான் எங்கள் போர்ட்டிகோவில் கிடந்தது, சுற்றி நாலு காக்கை. பச்சை முதுகு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, தோளில் நீலச் சில்லு, மொட்டை வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. கையில் எடுத்தால் எடையே இல்லை, இதயம் மட்டும் விரலில் அடிக்கிறது. அந்த நிமிஷம் பார், கதை தானாக வந்து நின்றது! மழை, கீழே விழுந்த பறவை, குனிந்து எடுக்கிற பெண், அட்டைப்பெட்டியோடு ஓடிவருகிற பக்கத்து வீட்டு இளைஞன். போய்விட்டு வா என்று அதை அனுப்பிவிட்டு, பெட்டியைத் தேடினேன்.

உனக்கும் இது உதவும், கேட்டுக்கொள். துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு, மூடி வைத்து இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சில் போய்விடும். குழந்தைக்குக் காட்டுகிறேன் என்று அடிக்கடி திறக்கக் கூடாது. காக்கை அடங்குகிற நேரத்தில் புதர் ஓரமாகப் பெட்டியைச் சாய்த்துத் திறந்தேன். இரண்டு தத்துத் தத்தி இறங்கி, ஒன்றுமே நடக்காதது போலச் சருகைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது. சிறகு தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கேள்.

மாமரத்தடியில் சருகைக் கூட்டிக் கொளுத்த வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல், அந்தக் குருவிக்குத் தீனியே அதில்தான். மண்சட்டியில் தண்ணீர் வை, ஆனால் தினமும் கொட்டி மாற்று, இல்லாவிட்டால் டெங்குக் கொசுதான் குடும்பம் நடத்தும். சட்டியைப் பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில் வை. முருங்கையில் பட்டுப்போன கிளை இருந்தால் உடனே வெட்டச் சொல்லாதே, குக்குறுவான் அதில்தான் பொந்து குடையும். கம்பளிப்பூச்சி வந்தால் மருந்தடிக்காமல் கொஞ்ச நாள் பொறு. இன்னொன்று, பறவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை: 2015-இல் முடிச்சூரில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது, அந்த வீட்டில் எது வரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வை. லேப்டாப்பையும் பழைய நோட்டுகளையும் தரையோடு வைக்காதே. கார்த்திகை மழைக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துவிடு.

யூடிக்கு நேரம் தவறுவதைப் பற்றி வாசகிகளிடம் நேராகச் சொல். தினமும் என்று வாக்குக் கொடுத்தது நீதானே, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாரம் ஐந்து நாள் என்று மாற்றிக்கொள். இரண்டு நாள் முணுமுணுப்பார்கள். கதை பிடித்திருந்தால் இருப்பார்கள்.

அந்தக் கதையைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. பதினேழாவது எபிசோடில் ஹீரோ மன்னிப்புக் கேட்கிறான், சரி. ஹீரோயின் ஏன் அங்கேயே, மாடிப்படியிலேயே மன்னித்துவிடுகிறாள்? அத்தனை பேர் முன்னால் அவளை அவமானப்படுத்தியிருக்கிறான்! அவள் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கட்டும், அலுவலகம் போகட்டும், தன் சம்பளத்தில் தனக்கு ஒரு புடவை வாங்கட்டும். அவன் சிங்கப்பூர் போகிற விஷயத்தை அதற்குப் பிறகு கொண்டுவா. அடுத்த ஞாயிறு வந்தால் உட்கார்ந்து பேசலாம். சப்வே தாண்டி இந்தப் பக்கம் வந்து வேளச்சேரி பஸ் ஏறி கேம்ப் ரோடில் இறங்கு, ஆட்டோக்காரர் கேட்கிற காசைக் கொடுக்காதே. பதினைந்திலிருந்து இருபது வரை ப்ரிண்ட் எடுத்து வா, போனில் படித்தால் எனக்குக் கண் வலிக்கிறது. வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரையும் பறித்து வா.

அன்புடன்,
பெரியம்மா