முன்னாள் ஆட்டக்காரரின் இதயமும் குடும்பமும்

லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள ஜாலான் புசார் விளையாட்டரங்கில், 2009 அக்டோபரில் மூத்த ஆட்டக்காரர்களின் காற்பந்து ஆட்டம் நடந்தது. 1977இல் மலேசியக் கிண்ணம் வென்ற சிங்கப்பூர் அணியைச் சேர்ந்த டோலா காசிம், அதில் ஆடியபோது மாரடைப்பால் சரிந்தார். வயது 60. கோமா நிலைக்குச் சென்ற அவர், ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் காலமானார்.

இளமையில் செய்த பயிற்சி மட்டும் முதுமையில் இதயத்தைக் காக்காது. விளையாட்டை நிறுத்திய பின்னும் பழைய அளவிலேயே சாப்பிட்டால் எடை கூடும். உயர் இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் அறிகுறி காட்டாமலே இதயத்தைப் பாதிக்கலாம்.

காற்பந்து வருமானம் பெரும்பாலும் முப்பதுகளில் நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், மருத்துவச் செலவு ஒருபுறம்; அவரைக் கவனிக்க வேலையை விடுபவரின் சம்பள இழப்பு மறுபுறம்.

நீங்கள் செய்யவேண்டியவை:

• 40 வயதானதும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்து, ஒரே குடும்ப மருத்துவரைத் தொடர்ந்து பாருங்கள்.

• நீண்ட இடைவெளிக்குப் பின் திடலில் இறங்குவதற்குமுன் மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள்.

• ஆடும்போது நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி, 995ஐ அழையுங்கள். சரிந்தவருக்கு மூச்சில்லையெனில் சிபிஆர் முதலுதவியைத் தொடங்கி, ஏஇடி கருவியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

• மெடிஷீல்டு லைஃப் பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கு உதவும். இழந்த சம்பளத்தை ஈடுசெய்யாது. அதற்கெனத் தனியே சேமியுங்கள்.

• கட்டணம் சுமையானால், மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் தயங்காமல் பேசுங்கள்.

நீங்கள் நினைவிழந்தால் உங்கள் சார்பில் முடிவெடுப்பவர் யார்? நலமாக இருக்கும்போதே குடும்பத்தாருடன் பேசி வையுங்கள்.