தந்தைக்கு மறைத்த புத்தகங்கள்

அவிலா நகரத்துப் புனித தெரேசம்மாள் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது பழுப்பு உடையும் வெள்ளை மேலாடையும் அணிந்த கார்மேல் சபைக் கன்னியர் ஒருவரின் உருவம். கையிலே இறகுப் பேனா, தலைக்கு மேலே புறா. சிறுமலர் தெரேசம்மாளிடமிருந்து பிரித்துச் சொல்வதற்காக இவரைப் ‘பெரிய தெரேசம்மாள்’ என்கிறோம். 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண்மணி இவரே. இவ்வளவும் ஞானோபதேச வகுப்பில் படித்ததுதான். படிக்காத ஒன்று உண்டு. இந்த அம்மையார் நம் வயதில் அரக்கர்களும் மந்திரவாதிகளும் மாயத் தீவுகளும் நிறைந்த கதைகளுக்கு அடிமையாக இருந்தவர். புதுக் கதைப் புத்தகம் கையில் இல்லாவிட்டால் தமக்கு மகிழ்ச்சியே இராது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இதைக் கேள்விப்பட்டதும் எங்களுக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்துப் படிக்கிற கூட்டம் எங்கள் கூட்டம். ‘பெரிய தெரேசம்மாளே படித்திருக்கிறார்’ என்று இனி வீட்டில் தைரியமாகச் சொல்லலாமே! ஆனால் அவர் எழுதியதைப் படித்து முடித்தபின் அவ்வளவு தைரியமாகச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று சொல்லவே இக்கட்டுரை.

தெரேசம்மாள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். தம் விருப்பத்தால் அன்று, ஆன்ம குருக்களின் கட்டளையால். 1562-இல் ஒருமுறை எழுதி, 1565-இல் விரித்து எழுதினார். அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1588-இல் சலமங்கா நகரில் அந்நூல் அச்சேறியது. அவர் பிறந்தது 1515 மார்ச் 28. ஆகவே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், பதின்மூன்று வயதுப் பெண்ணாயிருந்த தம்மையே திரும்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஐம்பது வயது பதின்மூன்று வயதிடம் சற்றுக் கண்டிப்பாகத்தான் இருக்கும். (பெற்றோர் மன்னிப்பார்களாக.)

முதலில் அந்தக் கதைகள் எப்படிப்பட்டவை என்று பார்ப்போம். அச்சுக்கலை பரவிய புதிதில் ஸ்பெயின் நாட்டில் வீரர் கதைகள் பெருவெள்ளமாக வெளிவந்தன. அவற்றில் பேர்பெற்றது ‘அமாதிஸ் தே கௌலா’ என்பது. இன்று கிடைக்கும் அதன் மிகப் பழைய பதிப்பு 1508-இல் சரகோசா நகரில் அச்சானது. அரச குலத்தில் இரகசியமாகப் பிறந்த குழந்தை ஒரு பேழையில் வைக்கப்பட்டு நீரில் விடப்படுகிறது. (நம் கர்ணனையும் வேதாகமத்து மோயீசனையும் நினைத்துக் கொள்ளுங்கள்.) குழந்தை வளர்ந்து வீரனாகிறது, ஒரியானா என்னும் இளவரசியிடம் மாறாத அன்பு கொள்கிறது. அர்க்கலாவுஸ் என்ற தீய மந்திரவாதி இடையிடையே வந்து கெடுக்கிறான். உர்கந்தா என்ற மாயக்காரி காப்பாற்றுகிறாள். கதையில் ஒரு தீவு வருகிறது. அங்கே ஒரு வளைவு நிற்கிறது. அன்பில் ஒருநாளும் தவறாதவர் மட்டுமே அதைக் கடந்து போக முடியும்; மற்றவரை அது தள்ளிவிடும். இப்படியொரு வளைவைப் பற்றிப் படித்த பெண், அன்றிரவு படுக்கையில் கிடந்து ‘நான் போனால் அது விடுமா?’ என்று யோசிக்காமலா இருந்திருப்பாள்? தெரேசம்மாள் தாம் படித்த நூல்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் காலத்து வீரர் கதைகள் யாவும் ஏறக்குறைய இந்த அச்சில் வார்த்தவைதாம். 1531-இல் இத்தகைய கதைகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கப்பலேற்றக் கூடாதென்று அரச ஆணையே பிறந்தது என்றால் அவற்றின் பிடி எவ்வளவு என்று விளங்கும்.

இனி வீட்டுக்குள் வருவோம். தந்தை தோன் அலோன்சோ நல்ல நூல்களை விரும்புகிறவர். பிள்ளைகள் படிக்கட்டும் என்று தாய்மொழியிலேயே வாங்கி வைத்தவர். வீரர் கதைகள் என்றால் அவருக்கு ஆகாது. தாயார் தோனா பெயாத்ரிஸுக்கோ அவைதாம் ஆறுதல். இளம் வயதில் திருமணம், அடுக்கடுக்காகப் பிள்ளைகள், ஓயாத நோய். முப்பத்து மூன்று வயதில் இறந்த அந்த அம்மாள், அதற்கு முன்பே வயதான பெண்களைப் போல் உடுத்துவாராம். அவர் கதை படித்தார், பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுத்தார். தந்தையின் கண்ணில் படாமல் பார்த்துக் கொண்டார்கள். தம் துன்பங்களை மறக்கவும், பிள்ளைகள் வேறு தீய வழிகளில் போகாமல் இருக்கவுமே தாயார் அவ்வாறு செய்திருக்கலாம் என்கிறார் மகள். அதனால் தாயார் தம் கடமையில் எதையும் குறைத்துக் கொள்ளவில்லை, தாம்தான் குறைத்துக் கொண்டதாகவும் சொல்கிறார்.

இந்த இடத்தில் நாங்கள் வெகு நேரம் நின்றுவிட்டோம். தாயைக் காட்டிக் கொடுத்தால் மகள் துரோகி. காட்டிக் கொடுக்காவிட்டால் தந்தைக்குத் தெரியாமல் இரவும் பகலும் பல மணி நேரம் படிக்கிற கள்ளி. யார் பக்கம் நிற்பது? கதையில் வருகிற வீரனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அவனுக்கு ஒரே அரசன், ஒரே இளவரசி, எதிரே ஓர் அரக்கன். அவிலா நகரத்து அந்த வீட்டில் அரக்கன் யாரும் இல்லை. நல்ல தந்தையும் நல்ல தாயும் மட்டுமே இருந்தார்கள். சங்கடமே அதுதான்.

அந்தப் பெண்ணின் குணம் என்ன? அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நல்ல உடை, நறுமணம், கை அழகு, கூந்தல் அழகு ஆகியவற்றில் மிகுந்த கவனம் என்கிறார். போகிற இடமெல்லாம் எல்லாருக்கும் தம்மைப் பிடித்துப் போகும். பிறரைத் திருப்திப்படுத்துவதில் அளவு கடந்தவர். சிற்றப்பா ஒருவர் தம் பக்தி நூல்களை வாசித்துக் காட்டச் சொன்னபோது, பிடிக்காவிட்டாலும் பிடித்ததுபோல் வாசித்தாராம்! கடவுள் பயத்தைவிட மானம் போய்விடுமே என்ற பயமே தம்மிடம் மிகுந்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். நன்றி மறவாத குணமும் உண்டு. முதிர்ந்த வயதில் ஒரு கடிதத்தில், தம்மை ஒரு மத்தி மீனைக் கொடுத்தே வளைத்துவிடலாம் என்று வேடிக்கையாக எழுதினார்.

துணிச்சலோ கேட்கவே வேண்டாம். கதைப் பித்துப் பிடிப்பதற்கு முன்பே, புனிதர் வரலாறுகளைப் படித்துவிட்டு, அண்ணன் ரொத்ரிகோவுடன் மூர்களின் நாட்டுக்குப் போய் வேதசாட்சியாகத் தலைகொடுப்பதென்று திட்டமிட்ட சிறுமி அவர். இருவரும் ‘என்றென்றைக்கும்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்களாம். நகருக்கு வெளியே சிற்றப்பா கண்டு திருப்பிக் கூட்டி வந்தார் என்பது வழிவழிச் செய்தி. பிறகு தோட்டத்தில் கற்களை அடுக்கித் தவக்குடில் கட்டினார்கள். கற்கள் சரிந்து விழுந்தன. இதே இருவரும் சேர்ந்து ஒரு வீரர் கதையே எழுதினார்கள் என்று 1590-இல் அவர் வரலாற்றை வெளியிட்ட ரிபேரா பாதிரியார் சொல்கிறார். அது நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால்! மறைவல்லுநர் பட்டம் பெற்றவரின் முதல் நூல் மாயக்கதையாக அல்லவா இருந்திருக்கும்!

இதையெல்லாம் படித்தபின் எங்கள் குழுவில் ஒரு பயிற்சி செய்து பார்த்தோம். தெரேசம்மாளைப் போல் நாமும் நம்மைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதுவது. நான் எப்படிப்பட்டவள், எதை மதிக்கிறேன், யாருக்கு உண்மையாயிருக்கிறேன் என்று மூன்று கேள்விகள். முதலிரண்டும் சுலபமாக வந்தன. ‘கோபக்காரி, ஆனால் ஐந்து நிமிடம்தான்’ என்று ஒருத்தி. ‘கதையில் இளவரசியைவிடப் புதையலைக் காக்கும் நாகத்தையே எனக்குப் பிடிக்கும், அது தன் இடத்தை விட்டு ஓடாது’ என்று இன்னொருத்தி. மூன்றாவது கேள்வியில் பேனாக்கள் நின்றன. தோழிக்கு உண்மையாயிருக்கிறேன் என்று எழுதியவள், அந்தத் தோழிக்காக அம்மாவிடம் சொன்ன பொய்யையும் எழுத வேண்டியதாயிற்று. நாங்கள் எழுதிய பக்கங்களை இங்கே அச்சிடப் போவதில்லை. நீங்களும் எழுதிப் பாருங்கள், பேனா எங்கே நிற்கிறதென்று தெரியும்.

இனி அவருடைய தீர்ப்பு. அதை நாங்கள் மறைக்கலாகாது. இந்தக் கதைகள் தமக்குத் தீங்கு செய்தன என்றே தெரேசம்மாள் எழுதுகிறார். நல்ல ஆசைகள் ஆறிப்போனதும், வீண் அலங்காரத்தில் மனம் போனதும், போகக்கூடாத நட்பில் ஈடுபட்டதும் இந்தப் பழக்கத்தை ஒட்டி வந்தவை என்கிறார். தாயார் இறந்தபோது மாதாவின் திருவுருவத்தின்முன் சென்று, இனி நீரே எனக்குத் தாயாக இரும் என்று கண்ணீரோடு வேண்டிக்கொண்ட அதே பெண்தான் இவர். 1531-இல் தந்தையார் அவரை அகுஸ்தீன் சபைக் கன்னியரின் மடத்துக்கு, அங்கே தங்கிப் படித்த பெண்களோடு இருக்க அனுப்பிவிட்டார். முதல் எட்டு நாள் தவிப்பு. பிறகு வீட்டைவிட அங்கே மகிழ்ச்சி. விடுதியில் தங்கிப் படிக்கிற தோழியர் இதை உடனே புரிந்து கொள்வார்கள்!

அவர் தீர்ப்பை நாங்கள் அப்படியே ஏற்கிறோமா? முழுவதும் ஏற்க எங்களுக்கு மனம் வரவில்லை. புனித இஞ்ஞாசியாரைப் பாருங்கள். 1521-இல் பாம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து படுத்திருந்தவர், பொழுது போக்க இதே வீரர் கதைகளைத்தான் கேட்டார். வீட்டில் அவை இல்லாததால் கிறிஸ்து நாதர் சரித்திரமும் புனிதர் சரித்திரமும் கொடுத்தார்கள். வீரச் செயல்களைப் பற்றிய பகற்கனவு நினைக்கும்போது இனித்து, பின்பு வறட்சியை விட்டுச் செல்வதையும், மற்றது முடிந்த பிறகும் மகிழ்ச்சியாய் நிலைப்பதையும் அவர் கவனித்தார். ஆனாலும் அடுத்த ஆண்டு, வீரர் கதையில் வரும் முறைப்படியே மொன்செராத் மாதா ஆலயத்தில் இரவு முழுவதும் விழித்திருந்து தம் வாளை அங்கே விட்டுச் சென்றார்! கதை அவரைவிட்டுப் போய்விடவில்லை, தலைவன்தான் மாறினார்.

தெரேசம்மாளிடமும் அப்படியே. 1577-இல், அறுபத்திரண்டாம் வயதில், ஆன்மாவை விளக்க அவர் தேர்ந்துகொண்ட உவமை என்ன? பளிங்கினாலான ஒரு கோட்டை. ஏழு வகை உறைவிடங்கள்; வெளியே நச்சுப் பூச்சிகளும் ஊர்வனவும்; நடு அறையில் அரசர். ‘ஆன்மக் கோட்டை’ என்னும் அந்நூலைத் திறந்தால், மாயக் கோட்டைகளைப் பற்றி இரவெல்லாம் படித்த பெண் எட்டிப் பார்ப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. இது எங்கள் எண்ணம். அவர் அவ்வாறு சொல்லவில்லை. அவிலா நகரமே கொத்தளங்கள் சூழ்ந்த மதில் நகரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே கதையில் நச்சு இருந்ததா, ஒளித்துப் படித்ததில் இருந்ததா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது, இன்னும் முடியவில்லை. ஆனால் தந்தையைப் பற்றி அவர் பிற்பாடு எழுதியதைப் படித்தபோது மட்டும் எல்லாரும் பேசாமல் இருந்தோம்.

துறவு பூணத் தந்தை இசையாததால், 1535-இல் அவர் அறியாமல் வீட்டைவிட்டுக் கார்மேல் மடத்துக்குப் புறப்பட்டார் தெரேசம்மாள். அப்போது தம் எலும்புகளெல்லாம் கழன்று போவது போன்ற வேதனை இருந்ததாம். ஆண்டுகள் சென்றன. தாம் கற்ற தியான செபத்தைத் தந்தையும் கற்க வேண்டும் என்று விரும்பி, அதற்கான நூல்களைத் தாமே அவரிடம் கொடுத்தார். தந்தை அதிலே வேகமாக முன்னேறினார். மகளோ நடுவில் செபத்தை விட்டுவிட்டார். தந்தை வழக்கம்போல் அதைப் பற்றியே பேச வருவார். இம்முறை அவரை ஏமாற்ற மகளால் பொறுக்க முடியவில்லை. தாம் செபிப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். காரணமாக நோயைச் சொன்னார். அது முழு உண்மை அன்று என்றும் எழுதுகிறார். தந்தை அதை நம்பி, மகளுக்காக இரங்கினார்.

1543-இல் அந்தத் தந்தை மரணப் படுக்கையில் விழுந்தார். தெரேசம்மாள், தாமே நோயாளியாயிருந்தும், மடத்திலிருந்து வீட்டுக்கு வந்து கடைசி நாள்வரை அருகிலிருந்து பணிவிடை செய்தார்.