கழுவெளியில் ஒரு பந்தி

மரக்காணம் என்றதும் வெண்ணிற உப்புக் குவியல்களே நம் நினைவிற்கு வரும். அவ்வுப்பளங்களுக்கு அருகில் கழுவெளி என்னும் உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. தென்னிந்திய உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டிற்கு அடுத்துப் பெரியது இதுவே.

மழைக்காலத்தில் சுற்றுப்புற ஏரிகளின் நீர் இங்கு வந்து சேருகிறது. கழிமுகத்தின் வழியே கடல்நீரும் ஏறுகிறது. இவ்விரு நீரும் கலப்பதால் மீன், இறால், புழு முதலியன பெருகுகின்றன. அவற்றை நாடி வடதிசைக் குளிர்நாடுகளிலிருந்தும் பறவைகள் வருகின்றன.

இங்கே இறைவன் அமைத்த பந்தியைப் பாருங்கள்! பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்கிறது. கூழைக்கடா தாடைப்பையால் மீனை அள்ளுகிறது. கருவால் மூக்கன் நீண்ட அலகைச் சேற்றில் நுழைத்துப் புழுவைத் தேடுகிறது. நீரின் ஆழத்திற்கேற்ப ஒவ்வொன்றிற்கும் ஓரிடம். நீர் மிக ஆழமானால் சேற்றில் இரை தேடுபவைக்கு இடமில்லை. வற்றிவிட்டால் கூழைக்கடாவிற்கு மீனில்லை.

இதனை உணராமல் சேற்றுவெளியை வீண்நிலம் என்று எண்ணிவிடுகிறோம். ஆக்கிரமிப்பும் வேட்டையும் இப்பந்தியைக் கலைக்கின்றன. இதனைக் காக்கவே தமிழக அரசு 2021 டிசம்பரில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

பறவைகளைச் சகோதரிகள் என்றழைத்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸை, 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதரைப் போற்றும் நாம், வேட்டையாடிய பறவைகளின் இறைச்சியை நம் வீட்டிற்கு வாங்க வேண்டாமென்று பெற்றோரிடம் அன்புடன் கூறுவோம். வாங்குவோர் இல்லையேல் வலை விரிப்போரும் இல்லை.