பாடம் செய்த பறவைக்குக் காலில் மட்டும் பெயின்ட்டா?

கேள்வி: அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் பறவைகளின் இறகெல்லாம் இயல்பாக இருக்க, கால்கள் மட்டும் பெயின்ட் அடித்ததுபோல் தெரிகின்றனவே?

பதில்: அடித்ததேதான்! இறகின் நிறம் பறவை செத்த பிறகும் பெரும்பாலும் நிற்கும். காலின் நிறம் ஈரமுள்ள தோலைச் சார்ந்தது. காட்டு வாத்தின் ஆரஞ்சுக் கால்கூடக் காய்ந்ததும் மங்கிப் பழுப்பாகிச் சுருங்கிவிடும்.

காலில் எலும்பு, தசைநாண், தோல் தவிரச் சதை அதிகம் கிடையாது. அதனால் தோலை உரிப்பதில்லை. பாதத்தின் அடியில் கீறித் தசைநாண்களை உருவிவிட்டு, விரல்களுக்குள் பதப்படுத்தும் திரவத்தை ஊசியால் ஏற்றுவார்கள். கால் எலும்பின் பின்புறமாகக் கம்பியைச் செருகி, விரல்களை விரித்து அட்டையில் குண்டூசி குத்திக் காயவைப்பார்கள். வாத்தென்றால் விரலிடைச் சவ்வையும் சேர்த்து. நன்றாகக் காய்ந்த பிறகே வண்ணம். நீர்த்த வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்தால் செதில்களின் வரிகள் தெரியும். ஒரேயடியாக அப்பினால் பிளாஸ்டிக் பொம்மையின் கால்தான். நீங்கள் பார்த்தது இரண்டாவது ரகம் போலிருக்கிறது.

வீட்டில் முயலும் ஆசை வந்தால் ஒன்று: மயில் தானாகச் செத்துக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.